இடுப்புயர மரங்கள்

வனக்காவலர் வேலைக்கு அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் சித்தப்பா. மூச்சிரைக்க ஓடித் தேர்வானது என்னவோ அவள்தான். ஆனாலும் வேலையையே தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் மாதிரி பன்னிரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவரே அவளுக்கு ரேஞ்சராக வந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்கவா வேண்டும்?

மலைமுகட்டில் செல்போன் கோபுரம் கட்டுவதற்கான அனுமதிக் காகிதம் மேசைமேல் கிடந்தது. 'மரங்கள் இல்லை, புதர் மட்டும்' என்று அதில் அச்சாகியிருந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வெப்ப நாட்டில் ஊசியிலை மரமா என்று சிரிப்பவர்கள் அந்த முகட்டுக்கு ஏறிப் பார்க்க வேண்டும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத நாற்பத்தொரு மரங்கள், மூடுபனியைக் குடித்துக்கொண்டு நின்றிருந்தன. காற்று அடித்த அடியில் ஒன்றுகூட இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. கணக்கெடுப்பில் மார்பு உயரத்தில்தான் அளவு நாடாவைச் சுற்றுவார்கள். அந்த உயரமே இல்லாததால் எல்லாவற்றையும் புதர் என்று எழுதிவிட்டார்கள். குள்ளமான கிழவரைக் கைக்குழந்தை என்று எழுதுவதுபோல!

"போடும்மா. மேல இருந்து நச்சரிக்கிறாங்க," என்று பேனாவை நீட்டினார் சித்தப்பா.

"மரம் இருக்கு சார்."

"உனக்கு வேலை போனா வீட்ல யாரு பதில் சொல்றது? உப்பிட்டவங்கள மறக்கக் கூடாது."

"அந்த உப்பு என் சம்பளத்துல வாங்கினது சார்."

பக்கத்து மேசை எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். அவள் பையைத் திறந்து, மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு துண்டை மேசைமேல் வைத்தாள். போன வாரம் நில அளவைக்காரரின் கருவியை நிறுத்த இடம் வேண்டும் என்று ரேஞ்சர் தம் கையாலேயே அரிவாள் போட்ட 'புதர்' அது. வெட்டுமுகத்தை உப்புத்தாளால் தேய்த்து, லென்ஸ் வைத்து, ஊசிமுனையால் மூன்று முறை வளையங்களை எண்ணியிருந்தாள்.

"இருநூத்திப் பதினொரு வயசு. நம்ம குடும்பத்துல யாருக்கும் இத்தனை தலைமுறை பேரு தெரியாது."

சித்தப்பா துண்டைத் தொடவில்லை. "இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

வேலை போனால் போகட்டும் என்று பயத்தை விழுங்கிக்கொண்டு குற்றப்பதிவுப் புத்தகத்தை விரித்தாள். அழிந்துவரும் மரம் ஒன்று வெட்டப்பட்டது, மீதி நாற்பது, வெட்டியவர் ரேஞ்சர். நிதானமாக எழுதி முடித்து, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"வெட்டினவரு கையெழுத்து இங்க சார்."