கம்பெனி சிஸ்டம்

காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் திரை கறுத்துப்போனதும் செங்கொடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்தாளே ஒழிய எங்கே போவதென்று தெரியவில்லை. வாசற்படி வரைக்கும் போனாள். தண்ணீர் லாரிக்காக வரிசை கட்டியிருந்த குடங்களை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். உயிர் வரவில்லை. மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

அது 2002ஆம் வருஷத்து மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. தண்டையார்பேட்டையில் அவள் வீட்டு முன்னறைதான் கடை. வெளியே ‘ஜாப் டைப்பிங், டி.டி.பி. செய்து தரப்படும்’ என்று ஒரு தகரப் பலகை. திருவொற்றியூரில் மெட்ரிக் பள்ளி நடத்தும் லோகநாதன், முழுப் பரீட்சைக் கேள்வித்தாள்களை இந்த வருஷம்தான் முதல்முதலாக அவளிடம் கொடுத்திருந்தார். அதுவரை அந்த வேலை பாரிமுனையில் ஒரு பெரிய அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சின்ன வகுப்புகளின் தாள்கள் இன்று சாயங்காலம் தயாராக இருக்க வேண்டும். அவை ஒழுங்காக இருந்தால் பெரிய வகுப்புகளின் கட்டையும் கையோடு கொடுத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. அந்தப் பள்ளி கைக்கு வந்தால் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் பழையபடி வாடகை ஒப்பந்தமும் கல்யாணப் பத்திரிகையும்தான். இன்னும் மூன்று தாள் பாக்கி நிற்கும்போது இது படுத்துக்கொண்டுவிட்டது.

கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் எழுந்து வந்தது. இரண்டு பக்கம் அடிப்பதற்குள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. வேறு எந்த மிஷினாக இருந்தாலும் நாலு வசவு வைதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இது கம்பெனி சிஸ்டம். இதற்காக அவள் ஒரு ஊரையே எதிர்த்து நின்றிருந்தாள்.

ஊர் என்றால் முக்கியமாகத் தப்ரேஸ். அவள் புருஷன் பாரிக்குச் சின்ன வயசுத் தோஸ்து. அடுத்த தெருவில் கடை. ரிச்சி தெருவிலிருந்து சாமான்களை வாங்கிவந்து சிஸ்டம் கட்டித் தருவது அவன் தொழில். பேட்டையில் பாதி சிஸ்டம் அவன் கையால் கட்டியதுதான். போன வருஷம் தீபாவளி சமயத்தில், எதை வாங்குவது என்று இதே அறையில் உட்கார்ந்து பேசினார்கள்.

“உள்ள கீறதெல்லாம் ஒரே தைவான் சரக்கு அண்ணி. அவன் மேல பேரு ஒட்டுறான், நான் ஒட்டல. பேருக்கா அவ்ளோ துட்டு?” என்றான் தப்ரேஸ்.

“பேருக்கு இல்ல. நாளைக்கு நின்னுச்சின்னா யாரு வருவாங்க?”

“நான் வருவேன்.”

“வருவ. மூடியக் கழட்டி வச்சிட்டு, ஒரு பார்ட்டு வரணும் அண்ணின்னுட்டு, டீயக் குடிச்சிட்டுப் பூடுவ. உன் கஸ்டமருங்க வூட்ல எத்தினி டப்பா வவுத்தத் தொறந்துகினு கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?”

பாரி சிரித்துவிட்டான். தப்ரேஸ் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு பாரியைப் பார்க்கவும் தெருமுனையோடு நின்றுகொண்டான்.

செங்கொடி வீம்புக்குச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த அசெம்பிள் சிஸ்டம் ஒருநாள் ஒரு மாசத்து வேலையை முழுசாக விழுங்கிவிட்டது. கட்டினவனைத் தேடினால் அவன் கடையையே காலி பண்ணியிருந்தான். பழி டைப் அடித்தவள் தலையில் விழுந்தது. அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள், பதில் சொல்ல ஆள் இல்லாத மிஷினில் இனிமேல் கை வைப்பதில்லை என்று. விலை ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. பாரி புது வண்டி வாங்கும் நினைப்பை ஒதுக்கி வைத்தான். இன்னமும் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, கிளம்பியதும் ஏறி உட்கார்ந்துதான் மணலிக்கு ஷிப்ட் போகிறான். இப்போதும் ஷிப்டில்தான் இருந்தான்.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடி, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லி, கடைசியில் ஒரு பெண் வந்தாள். தேன் மாதிரிக் குரல். பெட்டியின் முதுகிலிருந்த நம்பரைக் கேட்டாள், முகவரியைக் கேட்டாள், அருகில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று கேட்டாள்.

“மேடம், உங்க புகார் பதிவாயிடுச்சு. எங்க இன்ஜினியர் திங்கட்கிழமை வருவார்.”

“எனக்கு இன்னிக்கு வோணுமே, மா. சாயங்காலம் வேல குடுக்கணும்.”

“புரியுது மேடம். இன்னிக்கு சனிக்கிழமை மேடம்.”

“அது தெரியும்மா.”

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

செங்கொடி ரிசீவரை வைத்தாள். பூத்துக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்காமலே நடந்து, பாதி வழியில் நினைவு வந்து, திரும்பிப் போகவும் மனசில்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

அங்கே மாமியார் பட்டம்மாள் சிஸ்டத்துக்கு உறையை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். துறைமுகத்து நிலக்கரி காற்றில் ஏறிவந்து படிகிற தெரு அது. காலையில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் மத்தியானம் சாம்பல் வேட்டியாக எடுக்கலாம். இந்த வாரம் கரி அதிகமாக இருக்கவே, பள்ளிக்கூடப் பை தைக்கிற ரெக்சினில் மிச்சம் எடுத்து, பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக ஓர் உறை தைத்துவிட்டாள். முன்பக்கம் தூக்கிவிட ஒரு மடிப்பு. பின்பக்கம் வயர் நுழைய மட்டும் ஓட்டை.

“இன்னா சொல்றான் கம்பெனிக்காரன்?” என்றாள் பட்டம்மாள்.

“திங்கக்கெயம வரானாம்.”

“அவ்ளோ துட்டு வாங்கிக்கினு திங்கக்கெயமயா? கவருமெண்டு ஆஸ்பத்திரிலகூட ஒடனே பாப்பாங்களே.”

“கம்முனு இரு அத்தை.”

“நான் கம்முனுதான் கீறேன். அதுதான் கம்முனு கீது.” பட்டம்மாள் பெட்டியைக் காட்டினாள்.

அடித்ததையெல்லாம் ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள் செங்கொடி. அதைக் கொண்டுபோய் வேறு எங்காவது உட்கார்ந்து முடித்துவிடலாம். ஆனால் கேள்வித்தாள் இந்த அறையைத் தாண்டாது என்று லோகநாதனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் இருப்பதோ தப்ரேஸ் கடை ஒன்றுதான். அங்கே சிஸ்டத்தில் கார் ரேஸ் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதி, அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

வேறு வழியில்லை. போனாள்.

கடையில் நாலு சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கும் பக்கவாட்டு மூடி கிடையாது. பச்சைப் பலகையும் வயர்களும் வெளியே தெரிய, எதிரே ஒரு டேபிள் ஃபேன் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றுக்கும் காற்று வீசிக்கொண்டிருந்தது. தப்ரேஸ் நிமிர்ந்து பார்த்தான். மாசக்கணக்கில் பேசாதவள் வாசலில் நிற்கிறாள்.

“வா அண்ணி. டீ சொல்லவா? நான் டீ மட்டுந்தானே குடிப்பேன்.”

“சிஸ்டம் நின்னு நின்னு போவுது. கொஞ்சம் வந்து பாரு.”

“கம்பெனி சிஸ்டமா? அதெல்லாம் நிக்காதே.”

“தப்ரேஸு.”

அவள் குரல் எப்படிப் போயிற்றோ, அவன் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கூடவே வந்தான். கேள்வித்தாள்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, செங்கொடி உறையின் மடிப்பைத் தூக்கிப் பெட்டியின் ஓரத்தைக் காட்டினாள். மூடி சேரும் இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். கிழிந்தால் வாரன்டி செல்லாது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

தப்ரேஸ் அதைப் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

“நான் தொடமாட்டேன் அண்ணி.”

“இன்னா இப்பிடிச் சொல்ற?”

“இத்தக் கிழிச்சிட்டு நான் கை வச்சேன்னு வையி. ரெண்டு வருஷம் கயிச்சி பல்பு ஃபீஸ் போனாகூட, தப்ரேஸு தொறந்தான், அதுலர்ந்துதான்னு சொல்லுவ. எனக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?”

“சொல்லமாட்டேன்.”

“சொல்லுவ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். திங்கக்கெயம வரைக்கும் பொறு.”

“பொறுத்தா ஸ்கூல் வேல பூடும்.”

தப்ரேஸ் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜைமேல் வைத்தான். பிறகு தெருவில் இறங்கி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

செங்கொடி உட்கார்ந்தாள், எழுந்தாள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாள். மூன்று வருஷம் பதில் சொல்கிறேன் என்று கம்பெனி கொடுத்த வாக்கு அந்த ஒட்டுத்துண்டில்தான் இருந்தது. அதற்குத்தான் கூடுதல் விலை. உள்ளேயிருந்து பட்டம்மாள், “ஏய், வோணாம்டி” என்றாள். அதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கை ஓடியது. ஒரே இழுப்பில் கிழித்தாள். உறையை உருவிப் போட்டுவிட்டு, திருகுகளைக் கழற்றி, மூடியை நீக்கினாள்.

உள்ளே பளிச்சென்றிருந்தது. ஒரு துளி கரி இல்லை, தூசி இல்லை, எரிந்த வாடை இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி அனல் மட்டும் முகத்தில் அடித்தது.

“கொதிக்குது,” என்றாள்.

தப்ரேஸ் தெருவிலிருந்தபடியே கழுத்தைத் திருப்பினான். அவன் பார்வை பெட்டிக்குப் போகவில்லை, தரையில் கிடந்த உறைக்குப் போனது. உள்ளே வந்து அதை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“இத்த யாரு தச்சது?”

“நான்தான் தம்பி. கரி வுழுமேன்னு,” என்றாள் பட்டம்மாள்.

“நல்லா தச்சிகீறீங்கம்மா. காத்து வெளிய போற எடத்தையும் சேத்துத் தச்சிகீறீங்க.”

உறையை மட்டும் கழற்றியிருந்தால் போதும். ஸ்டிக்கரைத் தொட்டே இருக்க வேண்டாம். விலை உயர்ந்த பண்டம் என்று பொத்திப் பொத்தி வைத்து அதன் மூச்சை அடைத்து, பிறகு வாரன்டியையும் தன் கையாலேயே கிழித்தாகிவிட்டது. செங்கொடிக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதுவும் அரைகுறையாக வந்து நின்றது.

“நான் முன்னாடியே பின்னால போயிப் பாத்திருக்கணும் அண்ணி,” என்றான் தப்ரேஸ். “கோவத்துல நின்னுட்டேன்.”

போய்க் கடையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, திறந்த பெட்டிக்கு எதிரே வைத்தான். பிறகு மறுபடியும் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். சிஸ்டம் எழுந்தது. அவள் அடித்தாள். ஒவ்வொரு பத்திக்கும் ஒருமுறை கை நின்றது, இப்போது போகுமோ என்று. போகவில்லை.

கடைசித் தாள் பிரிண்டரிலிருந்து வரும்போது லோகநாதனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வந்ததும் உட்காராமல், நின்றபடியே தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுத்துப்பிழை தேடினார். கிடைக்கவில்லை. முகம் தெளிந்தது. தோளில் தொங்கிய பையிலிருந்து பெரிய வகுப்புகளின் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தவர், அப்போதுதான் திறந்து கிடந்த பெட்டியைக் கவனித்தார்.

“இது கம்பெனி மிஷின்னு சொன்னீங்களேம்மா?”

“கம்பெனிதான் சார்.”

“நல்லதாப் போச்சு, உங்களையே கேட்கலாம். ஜூன்ல பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கணும். கம்பெனி வாங்குறதா, அசெம்பிளா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

செங்கொடி வாயைத் திறப்பதற்குள் படியிலிருந்து தப்ரேஸ் சொன்னான். “கம்பெனியே வாங்குங்க சார். அண்ணி அஞ்சு மாசமா ஓட்டறாங்க, ஒரு தொந்தரவு இல்ல. நான் சும்மானா சுத்தம் பண்ணத் தொறந்தேன்.”

அவளுக்குச் சுரீரென்றது. பத்து சிஸ்டம். அவன் கடை அந்தப் பத்தை ஒரே ஆர்டரில் பார்த்திருக்காது. அவள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அதைத் தூக்கி வேறு எவனுக்கோ கொடுக்கிறான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேஜைமேல் கட்டு இருந்தது. பேசாமல் இருந்தால் அது அவளுடையது.

தாள்களை ஒழுங்குபடுத்துகிற மாதிரி தட்டினாள், மறுபடியும் தட்டினாள்.

“இல்ல சார். காலைலர்ந்து நின்னு நின்னு போச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணேன், திங்கக்கெயம வராங்களாம். ஸ்டிக்கர நான்தான் கிழிச்சேன். தப்பும் எங்க மேலதான், காத்து போவாம உறை போட்டுட்டோம். மிஷின் நல்ல மிஷின். ஆனா நின்ன அன்னிக்கு வந்தது இவருதான்.”

“வந்து கையக் கட்டிக்கினு நின்னேன், அதையும் சொல்லு,” என்றான் தப்ரேஸ்.

“அதுவும் உண்மைதான் சார்.”

லோகநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ இவர் தாளைப் பார்த்தாரா?”

“தெருவுலதான் இருந்தாரு சார். தாள் அலமாரில இருந்துச்சு.”

லோகநாதன் மேஜைமேல் வைத்த கட்டைத் திரும்பக் கையில் எடுத்தார். அவர் நூலை அவிழ்த்து, ஒன்பதாம் வகுப்புத் தாள்களை மட்டும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை வைத்தார்.

“கோபப்படாதீங்கம்மா. வெளியாள் வந்துபோன அறை; ஒன்பதாவது முக்கியம், அதை மட்டும் பாரிமுனையிலேயே கொடுத்துடறேன். மத்தது புதன்கிழமை வேணும். கம்ப்யூட்டர் விஷயம் பிறகு பார்ப்போம்.”

ஸ்கூட்டர் உதைபட்டு, இருமி, கிளம்பிப் போனது. தப்ரேஸ் எழுந்து உள்ளே வந்தான்.

“இன்னா அண்ணி நீ. கம்முனு இருந்தா முழுக் கட்டும் கெடச்சிருக்கும்.”

“நீ கம்முனு இருந்தியா?”

“நான் வியாபாரி. பொய் சொல்லுவேன்.”

“விக்கறதுக்குத்தான் பொய் சொல்லுவாங்க. விக்காம இருக்கறதுக்கா சொல்லுவாங்க?”

அவன் தலையைச் சொறிந்தான். செங்கொடி அவனுக்கு முதுகைக் காட்டி, மிச்சக் கட்டின் முனையைப் பிரித்துப் பார்த்தாள். மேலே ஆறாம் வகுப்பு அறிவியல். ஆசிரியரின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. புதன்கிழமைக்குள் முடியுமா என்று மனம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

“நீ வெளிய போ, தாள எடுக்கறேன்,” என்றாள். “போறதுக்கு முன்னாடி அந்த ஃபேனக் கொஞ்சம் கிட்டத் தள்ளு.”