இரண்டு கிளிக்

கேப்டன் இசக்கிமுத்துவும், விமானங்களுக்கு ரேடியோவில் உத்தரவு சொல்லும் டவரில் உட்காரும் கலைச்செல்வனும் பேசிக்கொள்வதில்லை. நெய்வேலிக்கு வெளியே இருக்கிற அந்தத் தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் இது தெரியும். "பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதறவனுக்கெல்லாம் டவர் ஒரு கேடா?" என்று கேப்டன் ஒருநாள் ரேடியோவிலேயே கேட்டார். அன்றோடு சரி.

டவர் சொல்வதைப் பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. சொன்னால் கலைச்செல்வனுக்குக் கீழ்ப்படிந்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் கேப்டன் மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார். கிளிக், கிளிக். கேட்டாச்சு என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல் என்று கலைச்செல்வனும் கேட்டதில்லை. கேட்டால் கெஞ்சுவது போலாகுமாம்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். ஓடுபாதையில் ஏறும் ஆடு, நாய்களை விரட்டுவது வேலை. கல்லூரியைப் பாதியில் விட்டேன், பிறகு சுரங்கத்து நைட் ஷிப்டையும் விட்டேன். ஜீப்பிலும் அதே அலைவரிசையில் ரேடியோ உண்டு. "உன் குரல் இதுல கேக்கக் கூடாது வளவா. கிளிக் பண்ணு, போதும்" என்று கலைச்செல்வன் சொல்லியிருந்தார்.

அன்று காலை, புல் வெட்டும் பாவாடை என்பவரின் டிராக்டர் ஓடுபாதையைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிட்டது. கலைச்செல்வன் என்னிடம் அதை இழுக்கச் சொன்னார். அதே மூச்சில், இறங்காதே, மேலேயே சுற்று என்று, இறங்க வந்துகொண்டிருந்த கேப்டனின் விமானத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஜீப்பைக் கிளப்பிய கையோடு, எனக்கு வந்த உத்தரவுக்கு இரண்டு முறை அழுத்தினேன். அது கேப்டனின் பதில் என்று கலைச்செல்வன் எடுத்துக்கொண்டார். கேப்டனோ பக்கத்திலிருந்த மாணவனைத் திட்டிக்கொண்டிருந்தார், எதுவும் காதில் விழவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

விமானம் இறங்கிக்கொண்டே வந்தது. பாவாடை இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்.

மைக்கை எடுத்துக் கத்தினேன். "யோவ், மேல ஏறுய்யா! கீழ ஆள் நிக்குது!"

ஏறியது. சக்கரங்கள் தலைக்கு மேல் போனபோது பாவாடை தரையில் குப்புறக் கிடந்தார்.

மேனேஜர் சரிதா எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். "டவர் சொன்னது கேட்டுச்சா கேப்டன்?"

கேட்டது என்றால் மீறியதாகும். கேட்கவில்லை என்றால், பிறகு யார் பதில் சொன்னது என்ற கேள்வி வரும். கேப்டன் கலைச்செல்வனைப் பார்த்தார்.

"நான் சொல்லும்போதே ஜீப்காரன் குறுக்க பூந்து கத்திட்டான் மேடம்" என்றார் கலைச்செல்வன்.

"ஆமா, நீங்க சொன்னது அதுல அமுங்கிப்போச்சு சார்" என்றார் கேப்டன்.

சார்!

"பாவாடையக் கேளுங்க" என்றேன்.

"நான் இன்ஜினப் பாத்துக்கினு இருந்தேங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." அவருடைய கான்ட்ராக்ட் இந்த மாதம் முடிகிறது.

சரிதா ஜீப் சாவியைக் கேட்டார். மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

டிராக்டரை ஏற்கெனவே ஓரத்துக்கு இழுத்து விட்டிருந்தேன். இன்னும் அங்கேயே நின்றது. பாவாடை பின்னாலேயே ஓடி வந்தார்.

"தம்பி, கோச்சிக்காத. வண்டியத் தள்ளணும், ஒரு கை குடேன்."

"போய் கேப்டனக் கூப்புடு" என்றேன்.