கொல்லைப்புறத்தில் ஒரு சட்டை

நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரையே கீழே வைத்துப் பார்ப்பவர் தப்புக்கணக்குப் போடுவாரா? போட்டார். அதுவும் சொந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில்.

கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். தெருவில் கிரேன்காரர் என்றால்தான் தெரியும். மனைவி டெய்லர். ஆண்கள் சட்டையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருநாள் கடையில், மேல் தட்டிலிருந்து துணி எடுக்க ஸ்டூலில் ஏறியவள் சரிந்து விழுந்தாள். இடுப்பெலும்பில் பிளேட். ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த மகள் வீட்டில் படுக்கை போட்டாயிற்று.

முதல் வாரமே பிசியோதெரபிஸ்ட் பெண் கிரேன்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பிளேட் நல்லா உக்காந்திருக்கு சார். வாக்கரைப் பிடிச்சு இந்நேரம் நடக்கணும். பயத்துல எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க. இப்படியே ரெண்டு மாசம் போச்சுன்னா, அப்புறம் அவங்களே ஆசைப்பட்டாலும் கால் கேக்காது."

"நான் என்ன பண்ணணும்மா?"

"எழுந்திருக்க ஒரு காரணம் குடுங்க."

கிரேன்காரர் அன்று சாயங்காலமே கொல்லைப்புறத்தில் போய் நின்றார். இருபதடிக்கு இருபதடி. வீடு கட்டியபோது கொட்டிய உடைந்த டைல்ஸ், மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட், துருப்பிடித்த கம்பி. 'அந்தக் குப்பையை என்னைக்காவது தோட்டமாக்குவீங்களா?' என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன இடம். தோட்டம் போடலாம். ஆனால் யார் வீட்டிலும் இருக்கிற தோட்டத்தைப் பார்க்கவா அவள் எழுந்து வருவாள்?

உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன, அவள் வெட்டிவைத்த பழுப்புக் காகிதங்கள். சட்டையின் முன்பாகம், முதுகு, கை, காலர். கிரேன்காரர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து கழற்றினார்.

மறுநாளே துணைக்கு ஆள் வந்தார். சிக்னல்காரர். கிரேனுக்குக் கீழே நின்று, கைச் சைகையாலேயே ஏற்று, இறக்கு, நிறுத்து என்று பதினாறு வருஷமாக அவரை ஆட்டிவைப்பவர்.

"அண்ணே, தோட்டம்னா நாலு ரோஜா வெப்பாங்க. நீங்க என்ன சட்டை தைக்கிறீங்க?"

"வாயை மூடிட்டு டேப்பைப் பிடி."

காகிதத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் நாலு. சாக்கட்டிக் கோட்டுக்குப் பதில் வெள்ளைக் கூழாங்கல். முதுகுக்கு, வேரோடு சுருட்டி விற்கிற புல்பாய் விரித்தார்கள். இரண்டு முன்பாகங்களுக்கும் கருஞ்சிவப்பு இலைச்செடி. காலருக்கு மஞ்சள் சாமந்தி. பொத்தான்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்த ஐந்து உருண்டைக் கற்கள். கைகள் இரண்டுக்கும் பத்துமணிப்பூ. கிள்ளி நட்டால் போதும், தானாகப் படரும். வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்வரை மண்ணில் கிடந்தார் கிரேன்காரர். நகக்கண்ணில் ஏறிய மண் சோப்புக்கும் மசியவில்லை. அதிலேயே ஒரு சந்தோஷம். முதல் தளிர் விட்ட அன்று, இத்தனை வருஷம் இரும்பையே தூக்கியவர், அந்தத் தம்மாத்தூண்டு பச்சையைத் தொடக்கூடப் பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

தினமும் மொட்டைமாடியில் ஏறிப் பார்ப்பார். மேலிருந்து அவர் சைகை காட்ட, கீழே சிக்னல்காரர் கல்லை நகர்த்துவார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாகச் சைகை தலைகீழ். ஐந்தாவது வாரக் கடைசியில், மாடியிலிருந்து பார்த்தவர் இறங்க மனமில்லாமல் நின்றார். பூமி என்கிற துணியில் ராட்சதன் ஒருவன் சட்டை வெட்டிவைத்த மாதிரி இருந்தது.

ஆறாவது வாரம் அவள் வீடு வந்தாள். கட்டிலைப் பின்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். கிரேன்காரர் திரையை விலக்கினார்.

அவள் பார்த்தாள்.

"செடி வெச்சிருக்கீங்களா? நல்லாத்தான் இருக்கு. திரையை மூடுங்க, கண்ணு கூசுது."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கிரேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்திருந்த மகள்தான் அம்மாவின் தலையணைக்குச் சமமாகக் குனிந்து வெளியே பார்த்தாள்.

"அப்பா, நீங்க எங்க நின்னு பாத்து இதைப் போட்டீங்க?"

"மொட்டைமாடியில."

"அம்மா எங்க படுத்திருக்காங்க?"

கிரேன்காரரும் குனிந்தார். முன்னால் கொஞ்சம் சாமந்தித் தண்டு. அதற்குப் பின்னால் இலை. அதற்குப் பின்னால் சுவர். காலர் இல்லை, கை இல்லை, சட்டையே இல்லை. உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது தோன்றவே இல்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மாடிப்படி ஒடுக்கம், அவளைத் தூக்கிக்கொண்டு ஏறக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகள் மாடிக்கு ஓடிப் போட்டோ எடுத்துவந்து நீட்டினாள். உள்ளங்கையளவு பச்சைத் திட்டு. "அப்புறம் பாக்கறேன்டி" என்றாள் அம்மா. அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வாக்கர் மூலையில் தூசி வாங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வாரம் பாக்கறேன் சார். அதுக்கு மேல ரொம்பக் கஷ்டம்" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

மறுநாள் வேலையில், கூண்டுக்கு வெளியே பொருத்தியிருந்த கண்ணாடி கிரேன்காரரின் கண்ணில் பட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாத மூலையைக் காட்டுகிற கண்ணாடி. அவ்வளவுதான். பாதி ஷிஃப்டில் லீவு சொல்லிவிட்டு இறங்கினார். மூடிக்கிடந்த டெய்லர் கடையைத் திறந்தார். வாடிக்கையாளர்கள் சட்டையைப் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினார்.

அடுத்த நாள் காலை ஒன்பதரை மணி. கொல்லைச் சுவருக்கு மேலே இரும்புச் சட்டத்தில் கண்ணாடி படுக்கைவசமாக ஏறியது. ஏணியில் கிரேன்காரர். ஜன்னலுக்கு வெளியே, கட்டிலில் இருக்கும் தலைக்குச் சமமாகக் குந்தியிருந்தார் சிக்னல்காரர். கை மட்டும் பேசியது. விரல் கீழே: இறக்கு. மணிக்கட்டு சுழன்றது: சாய். உள்ளங்கை மெல்ல அசைந்தது: மெதுவா, மெதுவா.

இரும்புச் சட்டம் கிறீச்சிட்ட சத்தம் கேட்டு அவளே திரையை விலக்கினாள்.

"தம்பி, ஜன்னல்கிட்ட குந்திக்கிட்டு யாருக்கு டாட்டா காட்டறீங்க?"

"அண்ணி, பேசாதீங்க. லோடு தொங்குது."

"என்ன லோடு? ஐயோ, அது என் கடைக் கண்ணாடியில்ல! என்னங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

சிக்னல்காரரின் முஷ்டி மூடியது. நிறுத்து.

கண்ணாடியில் அதுவரை வானம் இருந்தது. இப்போது பூமி இருந்தது. அவள் வாயில் அடுத்த வசவு தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. படுத்த இடத்திலிருந்து அவள் பறவை மாதிரிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை முதுகு. கருஞ்சிவப்பு முன்பாகங்கள். மஞ்சள் காலர். வெள்ளைக் கோடு அவள் கை போட்ட கோடு. அந்தக் கைக்குழி வளைவை உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

"என் சட்டை..." என்றாள்.

மணி பத்து ஆகிக்கொண்டிருந்தது. வெயில் சுவரைத் தாண்டி இறங்கியது. வெறும் பச்சையாகக் கிடந்த இரண்டு கைகளிலும் ஒரு புள்ளி சிவந்தது. பத்துப் புள்ளி. பிறகு எண்ண முடியவில்லை. ஊமையாக இருந்த செடி மொத்தமும் இளஞ்சிவப்பாக வாய் திறந்தது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை நிறம் ஓடியதை அந்த நாலு பேரும் பார்த்தார்கள். மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏணியின் மேலிருந்த கிரேன்காரருக்கு, தானே நட்ட செடி என்பது மறந்துபோயிற்று.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். புருவம் நெரிந்தது. கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"என்னங்க."

"என்னம்மா?"

"கைக் காகிதத்தை ரெண்டாவது தடவை திருப்பிப் போட்டீங்களா?"

"திருப்பியா? ஒரே காகிதம்தானே இருந்துச்சு. அப்படியே ரெண்டு தடவை வெச்சேன்."

"கெட்டது போங்க! தோள் வளைவு முன்பக்கம் குழிவா இருக்கும், பின்பக்கம் அப்படி இருக்காது. திருப்பிப் போட்டாத்தான் வலது கை வரும். ரெண்டும் இடது கைங்க! இந்தச் சட்டையை எவன் போடுவான்?"

"ஒரு ராட்சதன்" என்றார் சிக்னல்காரர்.

"அவனும் போடமாட்டான். ஏய், அந்த வாக்கரை எடுடி."

மகள் அசையாமல் நின்றாள்.

"எடுடின்னா! ஊர்ல நாலு பேர் மாடியில இருந்து பாத்தா என் வேலைன்னு நெனைச்சுக்குவாங்க."

வாக்கர் தரையில் ஊன்றியது. பிளேட் வைத்த இடுப்பு எழுந்தது. ஒரு கால். இன்னொரு கால். கிரேன்காரர் ஏணியில் கல்லாகிவிட்டார்; இறங்கினால் ஏதாவது கலைந்துவிடும் என்று பயம். சிக்னல்காரரின் உள்ளங்கை, யாரும் கேட்காமலேயே, காற்றில் மெல்ல மெல்ல அசைந்தது.

வாசற்படி. அதில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கூழாங்கல் ஓரம் வரை பதினான்கு சின்ன எட்டு. மேலே கண்ணாடியில், பூத்துக் கிடந்த கையின் பக்கத்தில் கட்டைவிரல் அளவு மனுஷி ஒருத்தி நிற்பதைக் கிரேன்காரர் பார்த்தார். அத்தனை வருஷ உயரத்தில் அவர் பார்த்த எதுவும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

"அங்க என்ன வேடிக்கை?" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "இறங்கி வாங்க. இந்தக் கையைப் பிரிக்கணும்."