இரும்பு உரலில் சுற்றிய வடம்

எங்கள் அம்மன் கோயில் தேர்த்திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். முதல் வடம் பிடிப்பதும் நாங்கள்தான். ஸ்காபரோவில் டயர்க்கடைக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு அம்மன் குடிவந்த நாள்முதல் அப்படித்தான். அந்த உரிமையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகச் செல்வரட்ணம் பாடுபட்டுவந்தார். நிர்வாகசபைக்குப் புதிதாக வந்தவர். வந்த கையோடு ஒரு விசில் வாங்கியவர்.

என் மகன் பிரசாந் பாங்கில் பெரிய வேலையில் இருக்கிறான். அஜக்ஸில் வீடு. அந்த நிலையில் உள்ள பிள்ளைகள் நல்ல கார் வாங்குவார்கள். இவன் லிண்ட்சேப் பக்கம் ஒரு பண்ணையில் கிடந்த, என் வயதை ஒத்த லாண்ட் ரோவர் ஜீப் ஒன்றை வாங்கிவந்தான். அதன் முன் பம்பரில் ஓர் இரும்பு உரல் நிற்கும். எஞ்சின் ஓட, உரல் சுற்றும். அதில் கயிற்றைச் சுற்றினால் சேற்றில் புதைந்த எதையும் இழுக்குமாம்; வின்ச் என்று பெயராம். அஜக்ஸில் உன் வீட்டு வாசலில் சேறு எங்கே என்று கேட்டேன். அது அவன் காதில் விழவில்லை.

"உது பிறகு பூட்டின வின்ச் இல்லை, பக்டரியிலேயே பூட்டி வந்தது. உப்பிடி ஒண்டு இனி எடுக்கேலாது," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வான். வாசலில் உரல் வைத்திருக்கும் ஒரே பாங்க் அதிகாரி என் மகன்தான். தேரன்று அதைக் கோயில் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிள்ளை சொல் கேட்டான். டயர்க்கடைக்குப் பின்னால் நிறுத்தினான்.

தேருக்கு முதல்நாள் நல்ல மழை. தேர் வீதிக்கு வந்ததும் செல்வரட்ணம் முன்னால் நின்று விசில் ஊதி வழிகாட்டினார். இடது பக்கம், இன்னும் இடது பக்கம் என்று காட்டி, இடப்பக்கச் சில்லுகளை வீதியோரப் புல்தரையில் இறக்கிவிட்டார். பாதிச் சில்லு புதைந்தது. விசில் நின்றது. அன்று அவர் அம்மனுக்குச் செய்த முதல் சேவை அது.

நூற்றுக்கணக்கானோர் இழுத்தோம். ஈரப் புல்லில் வெறுங்கால் எங்கே நிற்கும்? வரிசையாகச் சறுக்கி விழுந்தோம். வீதியைத் திறக்கவேண்டும் என்று பொலிஸ்காரி கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

செல்வரட்ணம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "டோ ட்ரக் ஒண்டைக் கூப்பிடுவம் அண்ணை. வாற வருசம் உபயத்தை வேற ஆக்களிட்டைக் குடுத்துப் பாப்பம். அம்மாளுக்கு உங்கடை கை ஒத்துவரேல்லைப் போல."

"கை பிழைக்கேல்லைத் தம்பி. விசில்தான் பிழைச்சது," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு வழி தெரியவில்லை. மனிதக் கை பிடித்த வடத்தால்தான் தேர் நகரவேண்டும். டோ ட்ரக் வந்து கொளுவி இழுத்தால் உரிமை அந்த நிமிடமே போய்விடும். பிறகு அம்மனை டோ பண்ணுவித்த குடும்பம் என்றுதான் எங்களுக்குப் பெயர்.

பிரசாந் பக்கத்தில் வந்து நின்றான். "அப்பா, என்ரை வின்ச்சும் கையாலைதான். வடத்தை அதிலை மூண்டு சுத்துச் சுத்திப்போட்டு, நுனியை ஒராள் பிடிச்சு இழுக்கோணும். கை தளர்ந்தா அது சும்மா சுத்தும், தேர் நிண்டிடும்."

"நுனியை ஆர் பிடிக்கிறது?"

"வேற ஆர்? நீங்கள்தான்."

தேர்மேல் இருந்த குருக்களிடம் கேட்டோம். அவர் வானத்தைப் பார்த்தார். அடுத்த மழை கறுத்து நின்றது. ஆகமத்தில் தடை எதுவும் இல்லை என்று உடனே நினைவுக்கு வந்தது அவருக்கு.

ஜீப் வந்து தேரைப் பார்த்து நின்றது. தேர்ச் சில்லுக்கு வைக்கும் முட்டுக்கட்டைகளை அதன் சில்லுகளுக்கு வைத்தார்கள். என் மனைவி யோகமலர் யாரையும் கேட்காமல் ஜீப்பின் எஞ்சினை மூடிய பொனற்றில் மூன்று குறி சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்தாள். பழைய பெயின்ற் போகப்போகுது என்று பிரசாந் முனகினான். தாயிடம் அவன் பேச்சு எடுபடாது.

உரல் சுற்றத் தொடங்கியது. நான் நுனியைப் பிடித்து இழுத்தேன். கையில் ஒரு வாளித் தண்ணீரின் பாரம்தான். வடம் முறுகியது. தேர் முனகியபடி சேற்றைவிட்டு எழும்பியது. செல்வரட்ணம் விசிலை மறுபடி வாயில் வைத்தார். நான் கையைத் தளர்த்தினேன். தேர் நின்றது. விசிலை எடுத்தார். இழுத்தேன். தேர் நகர்ந்தது. இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தேர் தார்வீதி ஏறியது. அரோகரா எழுந்தது.

அடுத்த கூட்டத்தில், மெசின் இழுத்த தேர் தேரே இல்லை, உபயம் செல்லாது என்று அவர் வாதாடினார். சபை, தேரன்று யாரோ எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தது. அதில் ஒரு கிழவன் தனியே வடம் இழுக்கிறான், தேர் வருகிறது. அவன் கைவிட்டால் நிற்கிறது. உபயம் எங்களுக்கே என்று முடிவாயிற்று.

இப்போது ஜீப்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு நானே விளக்கம் சொல்கிறேன். பக்டரியிலேயே பூட்டி வந்தது. எங்கள் குடும்பத்தில், பிறகு கொண்டுவந்து பூட்டியது என்று எதுவுமே இல்லை.