காளியப்பனின் பக்கம்

விஜயன் சொன்னது சின்ன வேலைதான். இரங்கல் அறிவிப்புத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் ஓர் எண்ணில் முடிந்தது. முதலாளியான அவருக்கு அது பிடிக்கவில்லை.

"செத்தவங்களுக்குக் கார் நம்பர் பிளேட் மாட்டுன மாதிரி இருக்குலா. பேர் வர மாதிரி செய்ங்க, சாந்தினி."

ஸ்கூடாயில் கடைவீட்டு மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் சாந்தினிதான் புதியவள். இயற்பியல் படித்துவிட்டு நிரல் எழுதத் தானாகக் கற்றுக்கொண்டவள். வெள்ளிக்கிழமை மதியம் பாதை விதியை மாற்றினாள். தளத்தின் பெயர், ஒரு சாய்வுக்கோடு, பிறகு இறந்தவரின் பெயர். பெயரில் இடைவெளி இருந்தால் அங்கே சிறுகோடு. பழைய அறிவிப்புகளில் சிலவற்றை அழுத்திப் பார்த்தாள். டான், லிம், ஞானேஸ்வரி. எல்லாம் திறந்தன. எண் இருந்த இடத்தில் ஒரு பெயர் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பதினொன்றைத் தாண்டியதும் தொலைபேசி அடித்தது. விஜயன் வெளியே போயிருந்தார். அவளே எடுக்க வேண்டியிருந்தது. பெக்கோக்கிலிருந்து கஸ்தூரி என்ற பெண். நேற்று மாலை அப்பா இறந்துவிட்டாராம்.

"ஒங்க லிங்க்கத்தான் எல்லாருக்கும் அனுப்புனேன். வீடு எங்க, எத்தன மணிக்கு எடுக்குறோம், எல்லாம் அதுலதானே போட்டேன். இப்பதான் நானே அமுக்கிப் பாக்குறேன். பக்கமே இல்லன்னு வருது."

சாந்தினி பதிவைத் தேடினாள். அடையாள அட்டையில் உள்ளபடியே கஸ்தூரி பெயரைத் தட்டியிருந்தாள். காளியப்பன் ஏ/எல் முனியாண்டி, மலாய் வழக்கில் முனியாண்டியின் மகன் காளியப்பன். நடுவே இருந்த சாய்வுக்கோட்டில் பெயர் முடிந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டது. 'காளியப்பன் ஏ' என்று யாரையோ தேடி, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாந்தினியின் அட்டையிலும், இன்னாரின் மகள் என்று, ஏ/பி உண்டு. பல்கலைக்கழகத்தில் அதை எழுதுவதை விட்டிருந்தாள். சோதித்தபோது அது நினைவுக்கே வரவில்லை.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இப்பதான் வண்டி போச்சு. தோட்டத்த மூடுனப்புறம் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அப்பா தொழிலாளர் சங்கத்துல எல்லார்கிட்டயும் சண்ட போட்டவரு. அந்தக் கோவத்துலதான் ஒருத்தரும் வரலன்னு நெனச்சேன். அவங்கள ஏசிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். கடைசில வண்டிக்காரங்கதான் தூக்குனாங்க."

என் தப்பு என்று சொல்ல வேண்டும். சாந்தினி சொன்னது வேறு.

"சரி பண்ணிடறேங்க."

"இனிமே என்னத்துக்கு?" கஸ்தூரியின் குரலில் கோபம்கூட இல்லை. தொலைபேசி வைக்கப்பட்டது.

விதியில் ஒரு வரியை மாற்றினாள். பெயருக்குள் சாய்வுக்கோடு வந்தாலும் முழுவதையும் பெயராகவே எடுத்துக்கொள்ளும்படி. பக்கம் திறந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட கட்டம்போட்ட சட்டையில், சிரிக்காத ஒரு மனிதர். கீழே வீட்டு முகவரி. காலை மணி பதினொன்று. அதற்கும் கீழே, வருகிறவர்கள் எழுதுவதற்கான வெள்ளை இடம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு வரி விழுந்தது. சிங்கப்பூரிலிருந்து ரூபேந்திரன்.

"நேத்து தொறக்கலம்மா. துக்க வீட்டுல போன் போட்டுக் கேக்க சங்கடமா இருந்துச்சு. நேரமாயிருச்சுன்னு தெரியும், இந்தா கெளம்பிட்டோம். மாமாவக் கொஞ்ச நேரம் வெச்சிருங்க."

அதன் கீழே இன்னொரு வரி விழுந்தது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து.

"நாங்களும்."