கடைசியாகச் சாப்பிட்டது

6 ஜூலை 2001, வெள்ளி

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். உபவாச ஜெபத்துக்கு வந்தவர்களின் பட்டியலில், சபை மூப்பர் சில்வஸ்டர் ஐயாவைக் கேட்காமல் கருப்பம்மா அக்காவின் பெயரையும் எழுதிவிட்டேன். அவர் எங்கள் சபை இல்லை; ஞானஸ்நானம் பெற்றவரும் இல்லை. இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்; தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். கணவர் லிங்கசாமி வேலை தேடித் திருப்பூர் போய் இரண்டு மாதம் ஆகிறது.

தேயிலை விலை விழுந்து பாக்டரியை மூடியதால் வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறோம். இது இரண்டாவது வெள்ளி. காலை பத்திலிருந்து மூன்று மணி வரை ஜெபம். முடிந்ததும் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கஞ்சி, வீட்டுக்கு வீடு எடுத்துவைக்கும் பிடி அரிசியில் காய்ச்சுவது. நான் டைப்ரைட்டிங் மாலை வகுப்புக்குப் போகிறவள், ஒழுங்காக எழுதுவேன் என்று பட்டியலை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கருப்பம்மா அக்கா கடைசிப் பாயில் முழங்காலிட்டிருந்தார். அவரை எண்ணாமல் விட மனம் வரவில்லை.

13 ஜூலை, வெள்ளி

சில்வஸ்டர் ஐயா சொன்னபடி பட்டியலில் ஒரு கட்டம் கூட்டினேன்: "கடைசியாகச் சாப்பிட்டது." போன வாரம் நாற்பது பேருக்குக் காய்ச்சிய கஞ்சிக்கு ஐம்பத்தாறு பேர் இருந்தார்கள். ஐயா குடிக்காமல் தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். வியாழன் இரவிலிருந்து தண்ணீர் தவிர எதையும் தொடாதவர் அவர். அதில் பொய் இல்லை.

வாசலில் ஒவ்வொருவரையும் கேட்டேன். எல்லோரும் நேற்று ராத்திரி என்றார்கள். கருப்பம்மா அக்கா சிரித்தார்.

"பொண்ணு பாக்க வந்தவ மாதிரி கேக்குறியே தங்கச்சி. புதன்கிழம மரவள்ளி அவிச்சேன். அப்புறம் வெறுந்தேத்தண்ணிதான். அதையும் எழுதணுமா?"

எழுதினேன். பின்னால் நின்று ஐயா பார்த்தார்.

"இது உபவாசம் இல்லம்மா, பட்டினி. இருக்கிற சாப்பாட்ட கர்த்தருக்காக வேண்டாம்னு விடுறதுதான் உபவாசம். இத விட்டா அடுத்த வாரம் லைன் மொத்தமும் கஞ்சிக்கு முழங்கால் போடும். அடிச்சிரு."

ஸ்கேல் வைத்து அடித்தேன். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஜெபிஷா, நேற்று இரவு எட்டு மணி. உண்மையில் இன்று காலை ஏழரைக்கு மூன்று இட்லி சாப்பிட்டேன். மாலை வகுப்பில் தலை சுற்றும் என்று அம்மா வைத்தார். அப்பா பள்ளி ஆசிரியர்; எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. மூன்று வெள்ளியும் இப்படித்தான் செய்தேன்.

பெயரை அடித்ததைப் பார்த்தும் கருப்பம்மா அக்கா போகவில்லை. மூன்று மணி வரை இருந்தார். அண்டாவைத் தூக்கி வந்ததும் எழுந்து முந்தானையை உதறினார்.

"என்ன கருப்பம்மா, எங்க கஞ்சி வாசம் புடிக்கலயா?" என்றார் பக்கத்து லைன் தங்கமணி அக்கா.

"வந்த வேல முடிஞ்சிருச்சு. என் பங்கையும் நீயே குடி. வாய் இன்னும் நல்லா வளரும்."

20 ஜூலை, வெள்ளி

விடாத மழை. இன்றும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். கருப்பம்மா அக்கா வரவில்லை. எல்லோரும் ஜெபித்தபோது நான் தலைகளை எண்ணினேன், நாற்பத்து மூன்று.

முடிந்ததும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். சாக்கின் மேல் படுத்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. உடம்பு கொதித்தது. இரண்டு வாய் ஊட்டினேன், வாந்தி எடுத்தார்.

"ஜெபம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"என்ன கேட்டீங்க?"

"பாக்டரி தொறக்கணும்னு."

"நான் அத கேக்கல. எங்க வீட்டுக்காரருகிட்ட இருந்து கடுதாசியே இல்ல. உசுரோட இருக்காரான்னு மட்டும் காட்டு சாமின்னேன். கஞ்சியப் பாத்தா மனசு அது பின்னாடி போயிருது. அதான் அன்னைக்கு எந்திரிச்சு வந்தேன். நீ என்ன கேட்ட தங்கச்சி?"

தூக்குவாளியை மூடி வைத்தேன். நான்கு வெள்ளியும் நான் கடவுளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

தங்கமணி அக்காவைக் கூப்பிட்டு வந்து, ஜீப் பிடித்து, கூடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

21 ஜூலை, சனி

கருப்பம்மா அக்காவுக்கு நினைவு இல்லை. சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். லிங்கசாமியின் விலாசம் லைனில் யாரிடமும் இல்லை.

சாயங்காலம் சில்வஸ்டர் ஐயா வீட்டுக்குப் போய், நான் உபவாசம் இருந்ததே இல்லை என்று சொன்னேன்.

"ஆராதனைல வேதம் வாசிக்கிற பொண்ணு நீ. வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டுக்க, போதும்."

"அக்கா பேர எல்லாரும் பாக்கத்தானே அடிச்சேன், ஐயா."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "அப்ப எல்லாரும் கேக்கவே சொல்லு. அடிக்கச் சொன்னது நான்னும் சொல்லு."

சபையில் சொல்வதும் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தானோ என்று சந்தேகம் வருகிறது. எழுதி எழுதிப் பார்த்தும் தீரவில்லை. கருப்பம்மா அக்காவுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

நாளை எட்டரை மணி ஆராதனையில் நற்கருணைக்கு முன் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே துணைக்கு இருக்கும் தங்கமணி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் இருக்க வேண்டும்.