எறும்புக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

பாலிகஞ்சில் அந்த மழலையர் பள்ளியின் முற்றம் அன்று முழுக்க மஞ்சளாக இருந்தது. வங்காளிகளின் சரஸ்வதி பூஜை. மஞ்சள் புடவை சுற்றிய பொடிசுகள் தடுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தன. சாம்பிராணிப் புகையும் இளவெயிலுமாக, நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது டீச்சர் பிரியம்வதாவுக்கு. ஆனால் தூக்கம் எங்கே வரும்? ஹம்சினிக்கு இங்கே இதுதான் கடைசி நாள்.

நான்கு வயது ஹம்சினி, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த கிரிதரின் பெண். சேர்ந்ததிலிருந்து பள்ளியில் வாயே திறக்கவில்லை. பிரியம்வதா யாரையும் எழுது எழுது என்று உட்காரவைப்பதில்லை; அவள் வகுப்புப் பிள்ளைகள் இலையைப் புரட்டும், தண்ணீரை ஊற்றிப் பார்க்கும், கேள்வி கேட்டே உயிரை வாங்கும். ஹம்சினி மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"உள்ளுக்குள்ள கேள்வி கேட்டுண்டுதான் இருக்கா, கொஞ்சம் பொறுங்கோ சார்" என்று பிரியம்வதா கெஞ்சியது எடுபடவில்லை. அலிப்பூர் ஆபீசில் ஃபைலுக்குக் கெடு வைத்தே பழகிய மனுஷர் கிரிதர். "பூஜை வரைக்கும் பாக்கறேன் மேடம். அப்புறம் எழுதச் சொல்லித்தர்ற ஸ்கூல்ல சேத்துடறேன்" என்றுவிட்டார்.

இப்போது வந்தும் நிற்கிறார்.

ஹம்சினி சரஸ்வதி முன்னால் குந்தியிருந்தாள். எதிரே தட்டு நிறைய இலந்தைப்பழம். பூஜை முடியும்முன் அதைத் தின்றால் படிப்பு வராது என்பது இந்த ஊர் நம்பிக்கை; பிள்ளைகள் எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தன.

"அப்பா!" என்றாள் ஹம்சினி. அவள் குரலைப் பிரியம்வதா கேட்பது அதுதான் முதல் தடவை. "எறும்பு இப்பவே சாப்பிடறது. அதுக்குப் படிப்பு வராதா?"

கிரிதர் சிரித்தார். "எறும்புக்கு எதுக்கும்மா படிப்பு?"

"அப்போ வீட்டுக்குப் போற வழியை அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

பதில் சொல்ல வந்த பிரியம்வதா தன்னை அடக்கிக்கொண்டாள்.

"தெரியலையே கண்ணா" என்றார் கிரிதர். பேன்ட் கசங்குவதைப் பாராமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். எறும்புகள் தட்டிலிருந்து இறங்கி, கோலத்தைக் கடந்து, சுவரோரமாகப் போயின. அப்பாவும் பெண்ணும் பின்னாலேயே தவழ்ந்தார்கள். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த புரோகிதரே திரும்பிப் பார்த்தார். வரிசை ஒரு சுவர் வெடிப்புக்குள் மறைந்தது.

"உள்ள என்னப்பா இருக்கு?"

கிரிதர் வெடிப்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். "ஒரே இருட்டு. நாளைக்கு இங்க வரச்சே டார்ச் எடுத்துண்டு வருவோம்."

நாளைக்கு என்றாரா? பிரியம்வதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.